சந்தை நிழலைப் பங்கு போட்டவள்

1

சென்ற மாதம் என்னை ஒரு சந்தைக்குத் தலைவியாக்கினார்கள். மலேசியாவில், நான் வளர்ந்த தைப்பிங்கில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. சின்னச் சந்தைதான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க மைதானத்தில் சனிக்கிழமை காலையில் மட்டும் கூடுவது. விற்பவர்கள் எல்லோரும் பெண்கள். கீரையும் கத்தரிக்காயும் கொண்டுவரும் விவசாயப் பெண்கள் ஒரு வரிசை. மெழுகுவர்த்தி, மண்பாண்டம், ஓலைப்பெட்டி, துணிப்பொம்மை செய்கிறவர்கள் எதிர் வரிசை. இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு மடக்கு மேசை போட்டுக் காயா விற்கிறேன்.

கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். கைதட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்ததா, அவமானத்தில் வந்ததா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் முழுசாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எழுதவே மாட்டேன். நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்து இந்த மாதத்தோடு பதினேழு ஆண்டுகள். இவ்வளவு காலத்துக்குப் பிறகும், தன்னை இந்த ஊர் என்னவாக நினைக்கிறது என்று ஒருத்திக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்குத் தெரியவில்லையே!

2

என் கணவர் செல்வம் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். சொந்த ஊர் முத்தியால்பேட்டை. அவருடைய அப்பா இங்கே பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடியதும் வீட்டு வாசலிலேயே லேத் பட்டறை வைத்தவர். அவர் படுக்கையில் விழுந்ததும் செல்வம் ஊர் திரும்பினார். நானும் வந்தேன். "ரெண்டு வருஷம் பார்ப்போம்" என்றுதான் விமானம் ஏறினோம். மாமனார் காலமானார், மகள் பிறந்தாள், பட்டறையில் இரண்டாவது இயந்திரம் வந்தது. அந்த இரண்டு வருஷம் எப்போது முடிந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறோம், மொழிக்கு என்ன கவலை என்று நினைத்திருந்தேன். பாகூர் பக்கத்திலிருந்து கீரை கொண்டுவரும் அஞ்சலையக்காவிடம் முதன்முதலில் பேசிய நாளை இங்கே சொல்ல வேண்டும். "எதுல வந்த?" என்று கேட்டார். "மோட்டார்ல வந்தேன்க்கா" என்றேன். அவர் கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நமக்கு மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். அவருக்கு மோட்டார் என்றால் வயலுக்குத் தண்ணீர் இறைப்பது.

"யம்மா, மோட்டார்ல தண்ணிதான வரும். நீ எப்பிடி வந்த?"

பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு மலேசியா என்றே பெயர். "மலேசியாக்கு ஒரு கட்டு அரைக்கீர எடுத்து வை" என்பார்கள். ஒரு நாட்டுக்கே கீரை எடுத்து வைப்பது போல இருக்கும்.

காயா என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, வாசனைக்குப் பாண்டான் இலை, எல்லாம் சேர்த்து அடுப்படியில் நின்று கிண்டுவது, ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது என்று. காய்கறிச் சந்தையில் "காயா" என்று எழுதி வைத்தால் என்ன ஆகும்? "இது இன்னா, காயா பழமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தவர்கள்தான் ஆரம்பத்தில் அதிகம். தேங்காயையும் முட்டையையும் அஞ்சலையக்காவிடம்தான் வாங்குவேன். அவர்தான் ஒரு நாள், "இவ்ளோ வாங்கிட்டுப் போயி இன்னா பண்ற? செஞ்சு எடுத்தாந்து நீயும் இங்கயே ஒக்காரு" என்றார். உட்கார்ந்துவிட்டேன். கைவினைக்காரர்கள், சாப்பாட்டுச் சாமான் எங்கள் வரிசையில் சேராது என்றார்கள். விவசாயிகள், நீ எதையும் விளைவிக்கவில்லையே என்றார்கள். அப்படித்தான் நடுவில் இடம் கிடைத்தது.

3

அம்மா இறந்த பிறகு தைப்பிங் வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் கோலாலம்பூரில் இருக்கிறார். ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒன்றே சொல்வார்: "வந்துடு தேவகி. வீட்ட நீயே வச்சுக்க. பிள்ளை இங்க காலேஜ் படிக்கட்டும். செல்வம் பின்னாடி வரட்டும்." இந்த ஆண்டு எனக்கும் அது சரி என்றே பட ஆரம்பித்தது. காலையில் காயா கிண்டும்போது தைப்பிங் பசாரில் அம்மா மீன் பேரம் பேசுகிற சத்தம் காதில் கேட்கும். மலாய்க்காரப் பாட்டியிடம் மலாய், சீனக் கிழவரிடம் அரைகுறை ஹொக்கியன், எங்களிடம் தமிழ். ஒரு கூடை நிரம்புவதற்குள் அம்மா மூன்று மொழி பேசிவிடுவார். எனக்கு இங்கே ஒரே மொழிதான். அதிலேயே தடுக்கி விழுகிறேன்.

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. இந்த ஊர்ப் பிள்ளை. பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறாள். மலாயில் எண்ணத் தெரியாது. போன மாதம் அண்ணன் மகள் அவளிடம் போனில், "பசியாறிட்டியா?" என்று கேட்டாள். "இல்ல, எனக்குப் பசிக்கல" என்றாள் இவள். அங்கே சிரிப்புச் சத்தம். நாம் காலைச் சாப்பாட்டைத்தான் அப்படிக் கேட்போம் என்று நான் சொல்வதற்குள் போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

போய்விடலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"அது உன் ஊரும்மா. அங்க வந்தா நான் ஃபாரினர்."

"நான் இங்க பதினேழு வருஷமா ஃபாரினர்தானே யாழினி?"

"அதான் கேக்குறேன். உனக்கு அது புடிச்சிருக்கா?"

அங்கே தான் ஃபாரினர் என்று அவள் சொன்னதில் சட்டமும் இருந்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாக மலேசியக் குடியுரிமை தானாக வந்துவிடாத காலத்தில் பிறந்தவள் அவள். எனக்கோ அங்கே பள்ளி நாளிலிருந்து நிரப்பிய எல்லாப் படிவங்களிலும் இனம் இந்தியர். இங்கே நிரப்பும் எல்லாப் படிவங்களிலும் நாடு மலேசியா. நான் எங்கே இருக்கிறேனோ அந்த ஊரின் பெயர் மட்டும் என் படிவத்தில் இருப்பதே இல்லை.

ஒரு சனிக்கிழமை, கூட்டம் குறைந்த நேரத்தில், அஞ்சலையக்காவிடம் சொன்னேன். "டிசம்பர்ல ஊருக்குப் போகலாம்னு இருக்கேன்க்கா. போனா திரும்பி வர்றது சந்தேகம்தான்." "அப்பிடியா" என்றார். கீரை மேல் தண்ணீர் தெளித்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவ்வளவுதானா என்று எனக்கு மனசு சுருங்கிவிட்டது.

4

மைதானத்தில் ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். சண்டை அதன் நிழலுக்காக வந்தது.

விவசாயப் பெண்கள் குட்டி யானை வண்டியில் விடிவதற்கு முன்னே வந்து நிழலில் கூடையை இறக்கிவிடுவார்கள். கைவினைப் பெண்கள் வெயில் ஏறத் தொடங்கும்போது வருவார்கள். மெழுகுவர்த்தி செய்கிற ஜெசிந்தா அதைப் பல வாரம் பொறுத்தாள். ஒரு சனிக்கிழமை இருட்டிலேயே வந்து, மரத்தடியில் தன் துணியை விரித்துவிட்டாள்.

"இந்தாம்மா, இது நாங்க போடுற எடம்" என்றார் அஞ்சலையக்கா.

"எடத்துல உங்க பேரு எழுதியிருக்கா? போன வாரம் என் மெழுகுவர்த்தி பூரா வளைஞ்சி வாழப்பழமாட்டம் கெடந்துச்சு."

"உன்னுத நீ திரும்பக் காய்ச்சி ஊத்திக்கலாம். என் கீர வதங்கினா மாட்டுக்குத்தான் போடணும்."

"உங்க கீரைய வாங்கறதுக்குன்னு யாரு வர்றா? எங்க பொருளப் பாக்க வர்றவங்கதான் போற வழியில உங்ககிட்ட ரெண்டு கட்டு வாங்குறாங்க."

இந்தக் கடைசி வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. எட்டுக் கூடைக்காரிகளும் எழுந்து நின்றார்கள். யாரோ கூடையை இழுக்க, ஜெசிந்தாவின் பெரிய மெழுகுவர்த்தி ஒன்று, கோவிலுக்கென்று ஒருவர் சொல்லிச் செய்தது, கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அவள் அழுதாள். அஞ்சலையக்கா உடைந்த துண்டை எடுத்து அவள் பக்கம் வைத்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வரிசைக்கும் பேச்சு நின்றது. சில்லறை மாற்றித் தருவதுகூட இல்லை. நடுவில் இருக்கும் என் மேசைதான் தபால் நிலையம். "அவகிட்ட சொல்லு, கூடைய அந்தாண்ட தள்ளச் சொல்லி" என்பார்கள். ஆறடி தூரத்தில் இருப்பவருக்கு நான் சொல்வேன். அவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். ஆனாலும் நான் சொல்லும்வரை கேட்காதது போலவே இருப்பார்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. இன்னொரு முறை சத்தம் கேட்டால் மைதானம் கிடையாது. பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும், நகராட்சியிலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். இந்த ஒரு காலை விற்பனையை நம்பித்தான் அங்கே பாதிப் பேர் வீட்டில் வாரம் ஓடுகிறது.

5

அன்று சந்தை முடிந்ததும் மரத்தடியில் கூடினோம்.

"யாராச்சும் ஒருத்தர் பொறுப்பெடுத்து மேரிக்குப் போயி எழுதிக் குடுக்கணும்" என்றாள் ஜெசிந்தா.

"மேரி யாரு?" என்றேன் நான்.

இரண்டு வரிசையும் சேர்ந்து சிரித்தது, இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக. நகராட்சி அலுவலகத்துக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயர் மேரியாம். ஜெசிந்தா வீட்டில் பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்களாம். நான் ஏதோ அந்த அம்மாளைப் பார்த்துக் கெஞ்ச வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் பழைய இறுக்கம் வந்தது. விவசாயிகள் அஞ்சலையக்கா பெயரைச் சொன்னார்கள். எதிர் வரிசை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர்கள் ஜெசிந்தா பெயரைச் சொன்னார்கள். இந்த வரிசை எழுந்து புடவையைத் தட்டியது. அப்போது அஞ்சலையக்கா சொன்னார்:

"மலேசியா இருக்கட்டும். அது எங்க ஊரும் இல்ல, உங்க ஊரும் இல்ல. யாரு பக்கமும் சாயாது."

முதலில் கை தூக்கியது ஜெசிந்தா. பிறகு எல்லோரும். இங்கே ஒரு பெண்ணை "அது" என்று சொல்வது மரியாதைக் குறைவு இல்லை, பிரியமாகவும் சொல்வார்கள். எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த "அது" என் நெஞ்சில் ஒரு கல் மாதிரி விழுந்தது.

வீட்டில் செல்வத்துக்கு ஒரே சந்தோஷம். "எங்கப்பா மில்லு சங்கத்துல ரெண்டு தடவ நின்னு தோத்தாரு. நீ நிக்காமலே ஜெயிச்சுட்ட" என்றார். யாழினி தலை நிமிராமல் சொன்னாள்: "உன்னப் புடிக்கும்னு யாரும் கை தூக்கலம்மா. அவங்களுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் புடிக்கலன்னு தூக்கியிருக்காங்க." அவள் சொன்னதுதான் சரி என்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது.

6

மேரிக்கு மூன்று பேர் போனோம். நான், அஞ்சலையக்கா, ஜெசிந்தா. அவர்கள் இருவரும் என் இரண்டு பக்கமும் நடந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

"ஓட்டர் ஐடி இருக்காம்மா?" என்றார் அங்கே மேசையில் இருந்தவர்.

"இல்ல சார். ஓசிஐ இருக்கு."

"ஓசி கார்டா?" என்றார் அஞ்சலையக்கா ஆச்சரியமாக. "அப்ப பஸ்ஸுல ஓசியா? இத்தினி நாளா சொல்லவேயில்ல?"

அது இலவச அட்டை இல்லை, வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே தங்கியிருக்கக் கொடுக்கும் அட்டை என்று விளக்குவதற்குள் மேசைக்காரரே சிரித்துவிட்டார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறுமையாகத்தான் சொன்னார்: "உள்ளூர் வாக்காளர்தான் கையெழுத்துப் போடணும்மா. வெளிநாட்டுக்காரங்க பேர்ல எடுத்துக்க முடியாது."

"யாரு வெளிநாட்டுக்காரி?" அஞ்சலையக்கா குரலை உயர்த்தினார். "முத்தியால்பேட்ட மருமவ சார் அது. அது மாமனாரு மில்லுல வேல செஞ்சவரு. எங்கூட்டுக்காரரு அவருகூட ஒரே ஷிப்டு."

"எங்க சந்தைத் தலைவி சார்" என்றாள் ஜெசிந்தா.

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். மூன்று நாள் முன்பு எந்த ஊரும் இல்லாதவள் என்று கை தூக்கியவர்கள், இப்போது ஊர்க்காரி என்று சண்டை போடுகிறார்கள். நான் எதை நம்புவது?

கடைசியில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். என் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. வெளியே வந்ததும், "தாளு கெடக்கட்டும். தலைவி நீதான்" என்றார் அஞ்சலையக்கா. இருவரும் வேறு வேறு பேருந்தில் ஏறிப் போனார்கள்.

7

யோசித்து யோசித்து ஒரு ஏற்பாடு செய்தேன். கீரை காலையிலேயே விற்றுவிடும், மெழுகுவர்த்தி வாங்குபவர்கள் தாமதமாகத்தான் வருவார்கள். அதனால் எட்டு மணிவரை நிழல் விவசாயிகளுக்கு, எட்டுக்கு மேல் கைவினைக்காரர்களுக்கு. நியாயம்தானே?

அந்தச் சனிக்கிழமை முகூர்த்த நாள். பாதி ஊர் கல்யாணத்துக்குப் போய்விட்டது. எட்டு மணிக்கு அஞ்சலையக்காவின் கூடையில் பாதிக் கீரை அப்படியே இருந்தது. ஜெசிந்தாவின் மெழுகுவர்த்திகள் அதற்குள் வெயிலில் மினுமினுக்க ஆரம்பித்திருந்தன.

"யாரக் கேட்டு எட்டு மணின்னு வச்ச?" என்றார் அஞ்சலையக்கா. "ஒன்ன நம்பித்தான கையத் தூக்கினேன்? கீரையப் பாரு, தலயத் தொங்கப் போட்டுக்கிச்சு."

"என்னுதையும் பாருங்கக்கா" என்றாள் ஜெசிந்தா. "ஏழு மணிக்கே வெயிலு சுட்டெரிக்குது. எட்டு மணியாம்!"

இருவரும் தோளோடு தோள் நின்று என்னைத் திட்டினார்கள். நான் மேசையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று மாலை அண்ணனை அழைத்து, டிசம்பரில் வருகிறேன் என்று சொன்னேன். அவர் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. எனக்கு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு, அரியாங்குப்பம் பாலம் தாண்டி, பாகூர் பக்கம் அஞ்சலையக்கா வயலுக்குப் போனேன். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு விலகுவதுதான் முறை என்று பட்டது. அவர் வரப்பில் உட்கார்ந்து வெண்டைக்காய் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வேற ஆளப் போட்டுக்குங்கக்கா. என்னால முடியாது."

"ஏன்?"

"நான் வெளியாளுன்னுதானே போட்டீங்க? வெளியாளாவே இருந்துட்டுப் போறேன்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான்க்கா சொன்னீங்க. எல்லார் முன்னாடியும்."

"அது அவளுங்களுக்காகச் சொன்னது. அப்பிடிச் சொல்லலன்னா அந்த வரிசையில ஒருத்தி கையத் தூக்குவாளா?"

"அப்ப நெஜமா எதுக்குப் போட்டீங்க?"

முற்றிய வெண்டைக்காய் ஒன்றை எடுத்துத் தூரப் போட்டார். "நீதான் டிசம்பர்ல போறேன்னு சொன்ன. ஒரு பொறுப்பக் குடுத்தா போவமாட்டேன்னு நெனச்சோம்."

"நெனச்சோம்னா? யாரு?"

"நானும் ஜெசிந்தாவும்."

"நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கிறதே இல்லையே!"

"உன்னப் பத்தி மட்டும் பேசினோம். போன்ல. பேசி முடிச்சதும் டக்குனு வச்சிட்டா" என்றார் அஞ்சலையக்கா, அது ரொம்பச் சாதாரணம் என்பது போல.

எனக்குக் கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் என்னைக் கட்டிப் போட இவர்கள் யார்? அடுத்த மூச்சில் இன்னொன்று தோன்றியது. என்னை நிறுத்தி வைக்க இந்த ஊரில் இரண்டு பேர் பகையை ஒதுக்கிவிட்டுப் பேசியிருக்கிறார்கள். இல்லை, நான் விலகாமல் இருப்பதற்காக இப்போது சொல்கிற கதையா இது? எது உண்மை? அன்று சொன்னதும் உண்மை, இன்று சொல்வதும் உண்மை என்று இருக்குமா? கேட்டால் அவர் எதையாவது சொல்வார். நான் அதையும் சந்தேகப்படுவேன்.

"அண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்க்கா."

"போயிட்டு வா. உங்கண்ணன் வூடுதான, யாரு வேணாம்னா?" என்றவர் கொஞ்சம் பொறுத்து, "எங்க வூட்டுல நெல்லு மூடுற தார்ப்பாய் ஒண்ணு கெடக்குது. மரத்துலேந்து பள்ளிக்கூடச் செவுத்துக்கு இழுத்துக் கட்டினா ரெண்டு வரிசைக்கும் நெழலு வரும்" என்றார்.

"இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"அவ கேட்டா குடுப்பனா? தலைவி கேட்டா குடுத்துதான ஆவணும்."

"நான் கேக்கலையே."

"கேளு."

வயலில் காற்று இல்லை. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டினார்கள். அவர் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்.

"தார்ப்பாய் குடுங்கக்கா" என்றேன்.

8

சனிக்கிழமை விடியும் முன்னே கட்டினோம். ஒரு முனையை மரத்தில் அஞ்சலையக்கா கட்டினார். மறுமுனையைச் சுவரில் இருந்த இரும்பு வளையத்தில் ஜெசிந்தா கட்டினாள். நடுவில் கம்பு பிடித்து நான் நின்றேன். இருவரும் இன்னும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "அவள இன்னும் இழுக்கச் சொல்லு" என்றார் இவர். "இதுக்கு மேல இழுத்தா கிழியும்னு சொல்லுங்கக்கா" என்றாள் அவள். நான் இரண்டையும் சொன்னேன். வெயில் ஏறியதும் நிழல் மூன்று பேர் மேலும் விழுந்தது. அடுத்த வாரம் காற்றடித்தால் என்ன ஆகும் என்று தெரியாது.

மத்தியானம் அண்ணன் அழைத்தார். "டிக்கெட் விலை இப்ப கம்மியா இருக்கு. போட்டுடட்டுமா?"

"அடுத்த சனிக்கிழமை முடியட்டும்ணா. இங்க கொஞ்சம் வேலை இருக்கு."

"சனிக்கிழமை வாராவாரம் வரும்லா தேவகி" என்றார்.

"ஆமாண்ணா" என்றேன்.